தவறிட்டான்

1.

இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. பிழை என்னுடையதல்ல, கண்டுபிடித்த பாவம் மட்டும் என்னுடையது.

திருகோணமலையில் எனக்குப் புள்ளிவிபர வேலை. மாவட்டத்து மரணங்களை வைத்து இரண்டு நிரல் போடுவேன். முதலாவது, இங்கே பிறக்கிற பிள்ளை சராசரியாக எத்தனை வயதுவரை வாழும். இரண்டாவது, விபத்தே நடக்காவிட்டால் எத்தனை. இரண்டாவதில் பஸ் மோதியவர், யானை மிதித்தவர், கடலில் விழுந்தவர் எல்லாரும் எழும்பி வந்துவிடுவார்கள். முதியவர் எழும்பினால் ஆயுள் கொஞ்சம் கூடும், இளசுகள் எழும்பினால் நிறையவே கூடும்.

(கதை எழுதுகிறவன் செய்யத் தயங்குவதை அரசாங்கம் கூச்சமில்லாமல் செய்கிறது.)

2.

"சல்லிக் கடற்கரையில் ஒரு காலை..."

வேண்டாம். கடற்கரையில் தொடங்காத கதை இங்கே எவரிடமும் இல்லை.

மரண விபரம் எடுக்க வீடுகளுக்குப் போனவர் எங்கள் கந்தோர்க்காரர், கிண்ணியா நஸ்ரி. சிவபாக்கியம் என்ற தாய் அவரிடம், "மகன் சுலக்சன் ரெண்டு வருசத்துக்கு முந்தி ஜெட்டியடியில தவறிட்டான். அப்ப இருபத்திமூண்டு வயசு" என்றிருக்கிறார். எங்கள் வீடுகளில் இறந்தவரைத் 'தவறிட்டார்' என்போம். நஸ்ரி வீட்டில் அது மௌத்து. படகுத்துறையில் கால் தவறிக் கடலில் விழுந்ததாக எடுத்து, 'விபத்து' என்று எழுதிவிட்டார்.

மரண விசாரணைக் கடதாசி வேறு மாதிரிச் சொன்னது. சுலக்சன் தானாகப் போனவன். கடிதமும் எழுதி வைத்திருந்தான்.

3.

[தாயை அழவைத்து இரண்டு தரம் எழுதி வெட்டினேன். அவர் அழவில்லை.]

கந்தோருக்குக் கூப்பிட்டேன். கதிரை நுனியில் இருந்தார்.

"அம்மா, பிழையா எழுதியிருக்கு. மாத்த வேணும்."

"மாத்தினா என்ன?"

விளக்கினேன். மடையன், இரண்டாவது நிரலையும் காட்டினேன்.

"அப்ப இதில என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ?"

"ஓம். கணக்குக்கு."

"மாத்தினா?"

"ரெண்டிலயும் இல்லை."

இரண்டாவது நிரலில் விரலை வைத்தார்.

"மாத்தாதேங்கோ தம்பி. ஒருக்கா அவனைப் போக விட்டிட்டன். இன்னொருக்கா என்னால ஏலாது."

எனக்கு வெட்கமாக இருந்தது.

4.

முடிவு அ: திருத்துகிறேன். இப்படி எத்தனை இளசுகள் போகிறார்கள் என்பது கணக்கில் ஏறும். யாராவது பார்த்து ஏதாவது செய்யக்கூடும்.

முடிவு ஆ: திருத்தவில்லை. ஜெட்டிக்கு வேலி போடச் சொல்லிக் கடிதம் போகும். வேலியால் சுலக்சனை

[இந்த வசனம் முடியமாட்டேன் என்கிறது.]

நாளைக்குப் படிவங்கள் கொழும்புக்குப் போகின்றன. சிவப்புப் பேனையை உங்கள் பக்கம் தள்ளுகிறேன், எனக்குத் துணிவில்லை. எடுக்குமுன் ஒன்று. போகும்போது சிவபாக்கியம் கதவடியில் நின்று கேட்டார்:

"அதில அவனுக்கு இப்ப எத்தினை வயசு, தம்பி?"

"இருபத்தஞ்சு" என்றேன்.