வெண்டைக்காய் முத்திரை

"அம்மா, பிளான் முடிஞ்சிருச்சு."

"எந்தப் பிளான்டி?"

"ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கியே, லீவு பிளான். அஞ்சு வாரமும் முடிஞ்சிருச்சு."

ராதிகா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தாள். கோடை விடுமுறையின் முதல் திங்கட்கிழமை. காலை பத்தே முக்கால்.

பூந்தமல்லியில் நடந்த கோடை முகாமுக்குக் கேட்ட கட்டணத்தைப் பார்த்ததும் அவள் புருஷன் திருமுருகன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓடிப்போனவன்தான், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ராதிகாதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, காசு செலவில்லாமல் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகள் செய்யக்கூடியதாக முப்பத்தைந்து நாளைக்கு முப்பத்தைந்து விளையாட்டு யோசித்து, கட்டம் போட்டு, கலர் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தாள்.

"கொண்டைக்கடலை முளை கட்டுறதுக்கே மூணு நாள் ஆகுமேடி?"

"தம்பி தின்னுட்டான்."

"பேப்பர் கப்பல்?"

"பதினெட்டு செஞ்சோம். விடறதுக்குத் தண்ணி இல்ல. கோதண்டம் அங்கிள்தான் மோட்டாரே போட மாட்டேங்கிறாரே."

"காய்கறி முத்திரை?"

ஒன்பது வயசு நிவேதிதா கையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் பீட்ரூட் சாறு. அதன்மேல் வரிசை வரிசையாக, வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் குத்திய ஐந்து இதழ்ப் பூக்கள். பின்னால் நின்ற ஐந்து வயசு விஷ்ணுவுக்கு நெற்றி, கன்னம், தொப்புள் எல்லாம் பூ.

"இது மட்டும் நல்லா இருந்துச்சும்மா. இதை வச்சு நாங்க கீழ மாடிப்படிக்கு அடியில ஆபீஸ் விளையாடவா? ரேஷ்மா ஆன்ட்டி வீட்டு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி அங்கதான் கிடக்கு."

"சத்தம் போடக் கூடாது."

"ஆபீஸ்ல யாரும்மா சத்தம் போடுவாங்க?"

ராதிகாவுக்கு அந்தச் சொல் காதில் தேனாகப் பாய்ந்தது. காரணம், போன வெள்ளிக்கிழமை. இருபத்து மூன்று பேர் இருந்த மீட்டிங்கில் அவள் வாயைத் திறந்த அதே நொடியில் குளியலறையிலிருந்து விஷ்ணுவின் குரல் வந்தது: "அம்மா, முடிஞ்சிருச்சு, கழுவி விடு!" இருபத்து மூன்று பேரும் கேட்டார்கள். மேனேஜர் ரகுநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராதிகா, அடுத்த வெள்ளி பதினோரு மணிக்கு ரிவ்யூ. அதுல வீட்டுச் சத்தம் ஒண்ணே ஒண்ணு கேட்டாலும், திங்கட்கிழமையிலிருந்து நீங்க டெய்லி ஆபீஸ்."

ஆபீஸ் சிறுசேரியில். வீடு இருக்கும் கோவில்பதாகையிலிருந்து ஷேர் ஆட்டோ, ரயில், பஸ் என்று போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது: ராதிகா வேலையை விடுவது. அந்தப் பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"போங்க, போங்க. ஆபீஸ் போங்க," என்று அனுப்பி வைத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் அந்தக் குடியிருப்பில் வசித்ததில்லை. ஒரு மாதத்துக்கு முன் மேல்தொட்டி வழிந்து ஓடியதற்கு மோட்டார் போடும் கோதண்டத்தை இருபத்து நாலு வீடும் சேர்ந்து திட்டின. உடனே சங்கச் செயலாளர் சண்முகசுந்தரம் கூட்டம் போட்டார். தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். "இனிமே மோட்டாரோ ஜெனரேட்டரோ, சங்கத்தோட சீல் வச்ச சீட்டு இல்லாம போடக் கூடாது" என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரமே சங்கத்தின் சீல் காணாமல் போயிற்று. புதிது செய்யக் கரையான்சாவடியில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர், "சங்கத்துக்குச் சீல் செய்யணும்னா சங்கத்து லெட்டர் வேணும் சார், சீல் வச்சு" என்று சொல்லிவிட்டார். அந்த நியாயத்தின் அழகில் மயங்கிச் சண்முகசுந்தரம் பேசாமல் திரும்பி வந்தார். மூன்று வாரமாக எல்லா மாடிக்கும் வாளிதான்.

ஆகவே குழாய் சீறியபோது, சார் எப்படியோ சீல் வாங்கிவிட்டார் என்றுதான் ராதிகா நினைத்தாள். வீடு வேறு கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி அமைதியாக இருந்தது. நல்லது நடக்கும்போது நோண்டக் கூடாது.

புதன்கிழமை குழம்பு வைக்கப்போனபோது காய்க்கூடையில் வெண்டைக்காய் இல்லை. காம்பு மட்டும் கிடந்தது.

"நிவி, அரைக் கிலோ வெண்டைக்காய் எங்கடி?"

"செலவாயிருச்சும்மா. மதியம் ஆனா சீல் வாடிப்போகுது. ஒரு நாளைக்கு எட்டு வேணும்."

"எட்டா? அப்படி என்னத்துக்குடி குத்துறீங்க?"

"வர்றவங்களுக்குத்தான்."

அதற்குள் போன் வந்துவிட்டது. யார் வருகிறார்கள் என்று ராதிகா கேட்காமலே போய்விட்டாள்.

வியாழக்கிழமை பாத்திரம் தேய்த்து முடித்த கன்னியம்மாள் இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாளிக்கு நா லீவும்மா."

"என்ன கன்னியம்மா, நாளைக்கு எனக்கு எவ்வளவு முக்கியமான நாள்!"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. சாங்ஷன் ஆயிட்ச்சு. சீல் கீது பாரு."

கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். 'கன்னியம்மாள் ஆன்ட்டிக்கு லீவு. காரணம்: முத்தாபுதுப்பேட்டையில் அக்கா வீடு.' கீழே ஊதா நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ.

"இது என் பொண்ணு எழுத்து!"

"ஆமா, ஆபீசரம்மா கையெய்த்து. நா சும்மா வாங்கிக்கினு வர்ல, தெரிமா? ரெண்டு மணி நேரம் கியூவுல நின்னு வாங்கனேன். உன் புள்ள கீறானே, பியூனு, அவன் இன்னா அதிகாரம் பண்றான்றே! பேசுனா டோக்கனைப் புடுங்கிக்கினு கடைசில போய் நிக்கச் சொல்றான்."

"கியூவா? எவ்வளவு பேர் நிக்கறாங்க?"

"இன்னிக்குப் பன்னெண்டு பேரு."

"எதுக்கு?"

"அது யாருக்கும்மா தெரியும்? மொதல்ல கோதண்டம் நின்னுச்சு, மோட்டாருக்கு. அது பின்னாடி ரெண்டு பேரு நின்னாங்க. நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு கேக்குமா? பின்னாடி நமக்கு இல்லேன்னு பூட்டா?"

"அது வெண்டைக்காய் கன்னியம்மா!"

"சீல் எதுல இருந்தா இன்னா? குத்தறாங்களா, இல்லியா? மூணாவது மாடி சாருகூட உத்து உத்துப் பாத்துட்டு, 'எய்த்து ஒண்ணும் புரியல, கவர்மெண்ட் சீலும் இப்படித்தான் இருக்கும்'னு சொல்ச்சு. தாலுக்கா ஆபீஸ்ல இருந்தவரு. அவருக்குத் தெரியாதா?"

கன்னியம்மாள் போனபின் ராதிகா கீழே போய் எல்லாவற்றையும் கலைத்துவிடலாமா என்று வாசல்வரை போனாள். அங்கே நின்றபடி காது கொடுத்துக் கேட்டாள். ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும். கீழே பன்னிரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற மாதிரியே இல்லை. நாளைக்கு மீட்டிங் முடிகிறவரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு நிற்காமல் மறுநாளைக்கு ஒரு கிலோ வெண்டைக்காயும் வாங்கி வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை பத்து ஐம்பதுக்கு மின்சாரம் போனது.

ராதிகாவின் மடிக்கணினிக்குப் பேட்டரி செத்து ஒரு வருஷம். வயரைச் செருகினால் உயிர், இல்லையென்றால் பலகை. போனில் இருபது சதவீதம். படிகளில் இறங்கி ஓடினாள். ஜெனரேட்டர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கோதண்டம்.

"அண்ணே, ஜெனரேட்டர் போடுங்க. சீக்கிரம்!"

"சீட்டு கொணாந்தியாம்மா?"

"அண்ணே, என் வேலையே போயிடும்ணே."

"இன்னாம்மா நீ, பட்ச்சவ இப்டி பேசற? அன்னிக்கு டேங்கு வழிஞ்சப்போ ஆளாளுக்கு இன்னா கேள்வி கேட்டீங்க என்னைய? நா ஏதாவ்து எதுத்துப் பேசனனா? ரூல் போட்டீங்க, குந்திக்கினு கீறேன். தோ, அம்பதடில கீது ஆபீஸு. போய் வாங்கியா, ரெண்டு செகண்டுல போடறேன்."

"ஆபீசர் என் பொண்ணுண்ணே!"

"அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. நாலு பேருக்கு முன்னாடி நீயே ரூலை மீறலாமா?"

மாடிப்படிக்கு அடியில் ஃபிரிட்ஜ் பெட்டி நின்றிருந்தது. அதில் ஜன்னல் வெட்டி, ஜன்னலுக்குப் பின்னால் நிவேதிதா. பக்கத்தில் அடிஸ்கேலைப் பிடித்தபடி விஷ்ணு. எதிரே பதினான்கு பேர். மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"நிவி, அம்மாவுக்கு ஒரே ஒரு..."

விஷ்ணு ஸ்கேலை உயர்த்தினான். "டோக்கன்."

"டேய், நான் அம்மாடா!"

"டோக்கன் எடுத்துட்டு அம்மாவா இருங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராதிகா பதினைந்தாம் எண்ணை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் சண்முகசுந்தரம், கையில் ஒரு உறை.

"சார், நீங்களுமா?" என்று கிசுகிசுத்தாள்.

"புது சீல் செய்யணும்மா. கடைக்காரன் சீல் வச்ச லெட்டர் கேட்டான் இல்ல? அதுக்குத்தான், இங்க ஒரு சீல் வாங்கிட்டா..."

"நீங்கதானே சார் செயலாளர்! கோதண்டத்துகிட்ட வாயால சொன்னா ஆகாதா?"

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "வாயால சொல்றதை ஃபைல்ல எப்படிம்மா வைக்கிறது?"

மணி பதினொன்று. கையிலிருந்த போன் துடித்தது. வீடியோ அழைப்பு: ரகுநாதன். எடுக்காவிட்டால் திங்கட்கிழமை சிறுசேரி, எடுத்தாலும் சிறுசேரிதான். ராதிகா எடுத்தாள்.

"குட் மார்னிங் ராதிகா... எங்க இருக்கீங்க? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்களே?"

"ஆபீஸ்ல சார், வீட்டுப் பக்கத்துல." பொய் சொன்ன மாதிரி அவளுக்கே தோன்றவில்லை.

"எந்த ஃப்ளோர்?"

"கிரவுண்ட் ஃப்ளோர் சார்."

"என்ன இவ்வளவு சைலண்டா இருக்கு! இங்க நம்ம ஃப்ளோர்ல ஒரே சந்தைக்கடை. சரி, ரிப்போர்ட் சொல்லுங்க."

ராதிகா சொன்னாள். வரிசை ஒவ்வோர் அடியாக நகர, அவளும் நகர்ந்துகொண்டே நாற்பது நிமிஷம் சொன்னாள். நடுவில் ரேஷ்மாவுக்குத் தும்மல் வந்தது. விஷ்ணு ஸ்கேலை நீட்டியதும் தும்மல் திரும்பிப் போய்விட்டது. சண்முகசுந்தரத்தின் கடிதத்தில் பூ விழுந்தது. அவர் அதை ஊதிக் காயவைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

"எக்ஸலண்ட்!" என்றார் ரகுநாதன். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அமைதியான ரிவ்யூவை நான் பார்த்ததில்லை. ராதிகா, நீங்க சிறுசேரி வர வேண்டாம். இனிமே அங்கேயே இருந்து பாருங்க."

ராதிகா அப்படியே படியில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"பதினஞ்சு. பேர்?"

"ராதிகா," என்றாள் அவள், தன்னை அறியாமல்.

"என்ன வேணும்?"

"ஜெனரேட்டர்... இல்ல, இனிமே வேணாம்மா. முடிஞ்சிருச்சு."

"வேணாம்னா அதுக்கு ரத்துச் சீட்டு வாங்கணும்."

"யாரும்மா அது, இவ்வளவு கறாரா?" என்றார் ரகுநாதன் போனில். "ஆபீஸ் இன்சார்ஜா? நம்ம டீம்ல இன்னும் ஆறு பேரை அங்க உட்கார வைக்க முடியுமான்னு கேக்கணுமே. கொஞ்சம் குடுங்க."

ராதிகா மறுப்பதற்குள் நிவேதிதா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போனை வாங்கிவிட்டாள். முகத்துக்கு மிக அருகில் பிடித்ததால் ரகுநாதனுக்கு ஒரு கண்தான் தெரிந்திருக்கும்.

"பேர்?"

"ரகுநாதன்."

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஆறு பேருக்கு இடம் வேணும், மேடம்."

அப்போது விளக்கு எரிந்தது. எல்லா மாடியிலும் மின்விசிறிகள் சுழன்றன. கோதண்டம் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"பாப்பா! கரண்ட்டு வந்துகீது! நா கையே வெக்கல. சீட்டு இல்லாம அதுவா வந்துகீது! நாளிக்கு யாரும் என்னைக் கேக்கக் கூடாது, தோ, எல்லாரும் சாட்சி!"

"எழுதிக் குடுங்க, பாக்கலாம்," என்றாள் நிவேதிதா. பிறகு போனைப் பார்த்து, "சார், திங்கட்கிழமை பத்து மணிக்கு நேர்ல வாங்க. டோக்கன் எடுக்கணும். உங்க வெண்டைக்காயை நீங்களே கொண்டு வரணும்."

ராதிகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று. இப்போது சிரிப்பார், அடுத்த நொடி கத்துவார், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷேர் ஆட்டோ.

ரகுநாதன் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிஞ்சா, முத்தலா மேடம்?"

"முத்தல். பிஞ்சுல சீல் நிக்காது."