நான்கு உப்பு மூட்டைகளும் லவோனும்

மே மாதம் தொடங்கிய தலைவலி ஆகஸ்ட் வந்தும் தீரவில்லை. விஸ்கான்சினின் அந்தச் சின்ன விமானத் திடலில் ஆர்லன் டோலெஃப்சன் வருகிறான் என்றால் மற்றவர்கள் காபிக் கோப்பையோடு நழுவத் தொடங்கிவிட்டார்கள். பேச்சு எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் அவனுடைய ஆட்டோபைலட்டில்தான் வந்து நிற்கும்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் ஆர்லனும் அவன் மனைவி லவோனும் ஒன்பது வருஷம் பாடுபட்டுக் கட்டிய விமானம் அது. இரண்டே இருக்கைகள். அலுமினியத் தகடு ஒவ்வொன்றையும் அவன் ஒரு பக்கம் ரிவெட் அடிக்க, அவள் மறுபக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்தாள். இன்ஜின் முதல் நாளே பாட்டுப் பாடியது. தகராறு செய்தது ஆட்டோபைலட் மட்டும்தான். மூவாயிரத்து ஐந்நூறு அடியில் நில் என்று பொத்தானை அழுத்தினால், மூவாயிரத்து அறுநூறுக்கு ஏறும், பிறகு தலையைக் குப்புறக் கவிழ்த்து மூவாயிரத்து நானூறுக்கு இறங்கும், மறுபடி ஏறும். பத்து நிமிஷத்தில் லவோன் முகம் வெளிறி, வாந்திக்குக் காகிதப் பையைத் தேடுவாள்.

"என்னப்பா, இன்னிக்கும் தவளைப் பாய்ச்சல்தானா?" என்று திடலில் பக்கத்து ஷெட்டுக்காரன் ரோலி தினமும் கேட்டான். "வால் கம்பியில லூசு இருக்கும். நான் அப்பவே சொன்னேன்."

கம்பியில் லூசு இல்லை. ஆர்லன் வாலைக் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்து, திரும்ப மாட்டினான். மூக்கைத் தூக்கி இறக்கும் மோட்டாரைப் பெட்டியில் கட்டித் தயாரிப்பாளருக்கு அனுப்பினான். மூன்று வாரம் கழித்து, 'குறை ஏதுமில்லை' என்ற சீட்டோடு அது திரும்பி வந்தது. உதவி எண்ணில் பேசிய பிரெண்டன் என்ற பையன், சென்சிட்டிவிட்டியை ஒரு படி குறைக்கச் சொன்னான். குறைத்தால் விமானம் மெதுவாக ஆடியது. கூட்டினால் வேகமாக ஆடியது.

"சார், காத்துக் குழாயில கசிவு இருக்கான்னு பாத்தீங்களா?" என்றான் பிரெண்டன் ஒருநாள்.

வால் பக்கம் இருக்கும் ஊசித் துளைகள் வழியாகத்தான் வெளிக்காற்று மெல்லிய குழாயில் ஏறி, முன்னாலிருக்கும் உயரமானிக்கும் ஆட்டோபைலட்டுக்கும் வந்து சேரும். காற்றின் அழுத்தம்தான் அவற்றுக்கு உயரத்தைச் சொல்லும். ஆர்லனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"தம்பி, நான் நாப்பது வருஷம் பால் கறக்கிற மெஷின் ரிப்பேர் பாத்தவன். இந்த ஜில்லாவுல நான் கசிவு கண்டுபிடிக்காத மாட்டுக்கொட்டகையே கிடையாது. என்கிட்டயே குழாயப் பத்திப் பேசுறியா? பிப்ரவரியில டெஸ்ட் பண்ணிட்டேன். சொட்டுக் கசிவு கிடையாது!"

போனை வைத்த பிறகு, நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பழைய பயணங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். தனியாகப் பறந்த ஏழு தடவையும் விமானம் மேஜைமேல் வைத்த தட்டு மாதிரி நின்றிருக்கிறது. ஆடிய பதினொரு தடவையும் லவோன் கூட இருந்திருக்கிறாள்.

எடைதான் காரணம் என்று முடிவு கட்டினான். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மெல்ல ஆரம்பித்தான்.

"லவோன், உன் வெயிட்டு சரியா எவ்வளவு?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"ஒரு கணக்குக்குத்தான்."

"ஒன்பது வருஷம் கட்டை பிடிச்சேனே, அப்பக் கேக்கல. இப்ப உன் பொம்மை ஆடுதுன்னு என் வெயிட்டக் கேக்குறியா? எழுந்து போ, பாத்திரத்தக் கழுவு."

அவள் சொல்லமாட்டாள் என்பதால் அவனே ஒரு குத்துமதிப்புக்கு வந்தான். வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் மிஷினில் கொட்டும் உப்பு, நாற்பது பவுண்டு மூட்டை, நான்கு. மறுநாள் அவற்றை அவள் இருக்கையில் அடுக்கி, பெல்ட் போட்டு இறுக்கி, மேலே கிளம்பினான். மூவாயிரத்து ஐந்நூறு. உயரமானியின் முள் அசையவில்லை. முக்கால் மணி நேரம் சுற்றியும் அசையவில்லை.

இறங்கி வந்தபோது ஷெட் வாசலில் லவோன் நின்றுகொண்டிருந்தாள். இருக்கையில் இருந்த மூட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

"நூத்தி அறுபதா?"

"சும்மா ஒரு..."

"நூத்தி நாப்பத்தெட்டு, தெரிஞ்சுக்கோ."

"அது கிடக்கட்டும். மூட்டை இருந்தா ஆடவே மாட்டேங்குது. நீ இருந்தா மட்டும் ஆடுது. நீ என்னதான் பண்றே உள்ள உக்காந்துட்டு?"

"வாந்தி பண்றேன்! வேற என்ன பண்ணுவேன்?" என்று அவள் கத்தியதில், ரோலி தன் ஷெட்டுக் கதவை அவசரமாக இழுத்து மூடிக்கொண்டான். "மூட்டைய எறக்கு. இப்பவே போறோம். நான் என்ன பண்றேன்னு உன் கண்ணால பாரு."

ஏறினார்கள். நல்ல வெயில். கீழே சோளக் காடு ஆடாமல் அசையாமல் கிடந்தது. பொத்தானை அழுத்தினான். விமானம் அமைதியாக நின்றது. ஆர்லன் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தான். அவளோ முன்னாலிருந்த முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் போனது. உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது.

"புழுங்குது," என்று சொல்லி, தன் பக்கத்துக் காற்றுத் துவாரத்தைத் திருகித் திறந்தாள்.

முள் சட்டென்று கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் மூக்கு மேலே கிளம்பியது.

"ஆர்லன். பாத்தியா?"

"என்னத்த?"

"நான் இதத் தொறந்தேன், முள்ளு விழுந்துச்சு. பிளேன் எறங்கவே இல்ல. முள்ளுதான் எறங்குச்சு." துவாரத்தை மூடினாள். முள் ஏறியது. மூக்கு குப்புறச் சாய்ந்தது. திறந்தாள். விழுந்தது. "மூட்டை காத்துத் தொறக்காது பாரு. நீயும் தொறக்கமாட்டே, உனக்குக் காது குடையும்."

அப்போதுதான் ஆர்லனுக்கு விளங்கியது. வெளிக்காற்றை மட்டுமே குடிக்க வேண்டிய குழாய், உள்ளே இருக்கிற காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அவள் துவாரத்தைத் திறந்ததும் உள்ளே அழுத்தம் கூடுகிறது; விமானம் இறங்கிவிட்டது என்று நம்பி ஆட்டோபைலட் மூக்கைத் தூக்குகிறது. அவளுக்குக் குமட்டுகிறது, இன்னும் கொஞ்சம் திறக்கிறாள். குளிர்ந்தால் மூடுகிறாள். நான்கு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது.

தரையிறங்கியதும் தலைகீழாகப் படுத்து, கருவிப் பலகைக்கு அடியில் டார்ச் அடித்தான். குழாய் மூன்றாகப் பிரியும் இடத்தில் ஒரு முனை கழன்று காற்றில் தொங்கியது. ஏப்ரலில் தன் போனுக்கு சார்ஜர் பொருத்த, அவனே அதைப் பிடுங்கி ஓரம் தள்ளியிருந்தான். திரும்பச் செருகியது நினைவிருந்தது. இறுக்கியதும் மறுபடி சோதித்ததும் நினைவில் இல்லை, செய்திருந்தால்தானே இருக்கும்! எத்தனை பண்ணையாட்களை, குழாயைத் தொட்டால் திரும்ப டெஸ்ட் பண்ணத் தெரியாதா என்று அவன் வறுத்தெடுத்திருக்கிறான்.

"கெடச்சுதா?" என்றாள் லவோன், வெளியில் நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களைப் பார்த்து.

"ம்."

"யாரோட வேலை?"

டார்ச்சை அணைத்தான். "என்னோடதுதான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "நாலு மாசம் ஆர்லன். நாலு மாசம் பையில வாந்தி எடுத்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தாள். அது அவனுக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

குழாயை இறுக்கி, சோதித்து, நம்பாமல் இன்னொரு தடவையும் சோதித்தான். சனிக்கிழமை, எழுபது மைல் தள்ளியிருந்த திடலில் காலை உணவு விருந்து. வருகிறாயா என்று கேட்கவே இரண்டு நாள் தயங்கினான். கேட்டதும், வருகிறேன் என்றாள்; காகிதப் பைகளும் நான்கு எடுத்துக்கொண்டாள்.

வழி முழுக்கத் துவாரத்தை அகலத் திறந்து வைத்தாள். குளிர்காற்று அவன் காதைக் குடைந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. விமானம் மூவாயிரத்து ஐந்நூறிலேயே நின்றது. பாதி வழியில் அவள் தூங்கிப்போனாள்.

இறங்கியபோது பான்கேக் தீர்ந்திருந்தது. மிச்சமிருந்தது சாஸேஜ் மட்டும்தான். லவோன் ஆறு சாப்பிட்டாள்.