சோதனை அழைப்பு

லிஃப்டுக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தது எதிர்வீட்டு டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்றாம் மாடியில் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தவளிடம் வந்து, "உங்கப்பா வீட்ல இருக்காராம்மா?" என்று கேட்டார். அப்பா பால் வாங்கக் கீழே போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கடையில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார் என்று அவள் பாட்டுக்கு இருந்துவிட்டாள். அப்பா இந்தப் பக்கத்தில் யாரோடும் பேசுவதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றிருந்தது. கதவோடு ஒட்டிக் காதை வைத்தாள். டொக், டொக். குழந்தை தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி அவ்வளவு பதவிசாக ஒரு தட்டல்.

"அப்பா! உள்ள நீங்களாப்பா?"

"நாந்தாம்மா." நடுவில் ஒரு இழுப்பு கேட்டது. "மூச்சுதான்... கொஞ்சம் முடியல."

"எவ்வளவு நேரமா இருக்கீங்க? ஏம்ப்பா கூப்பிடல?"

"நீதானேம்மா இங்க கத்தக் கூடாதுன்னு சொன்ன."

சொன்னவள் அவள்தான். வேறு யாரைப் போய் நோவது? அப்பா முப்பது வருஷம் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவர். அந்த இரைச்சலில் மெதுவாகப் பேசினால் பக்கத்து ஆளுக்கு விரல் போய்விடும். அதனால் அந்தப் பட்டறைத் தெருவுக்கே தொண்டை பெரிது. சாப்பிடக் கூப்பிட்டாலும் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். அம்மா போன பிறகு, ஆறு மாதத்துக்கு முன்னால், அவரை இந்த அடுக்குமாடிக்கு அழைத்து வந்தாள். முதல் வாரமே கீழ்வீட்டிலிருந்து ஒருவர் ஏறி வந்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அப்பா அப்போது உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவள் முகம் செத்துப் போயிற்று. "மெதுவா பேசுங்கப்பா. நம்மள என்ன நினைப்பாங்க?" என்றாள். மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. ஆகவே பேசுவதையே விட்டுவிட்டார்.

வீட்டுக்குள் ஓடி அலமாரியில் இருந்த இன்ஹேலரை எடுத்து வந்தாள். எடுத்து வந்து என்ன செய்ய? அந்தக் கதவிடுக்கில் ஒரு காகிதம்கூட நுழையாது. வாட்ச்மேன் கடப்பாரையோடு ஏறி வந்தார்.

"ஒரு நெம்பு நெம்பிடலாம்மா."

"ஐயோ, தொடாதீங்க! பெட்டி நடுவுல நிக்குது. நெம்புறப்ப அசைஞ்சா ஆளையே நசுக்கிடும். சாவி மெக்கானிக் கிட்டதான் இருக்கும்."

அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்! அந்த லிஃப்ட் கம்பெனியின் பழுதுப் பிரிவில் போன் எடுப்பவளே அவள்தான். பெட்டி நடுவில் நின்றால் என்ன செய்யக் கூடாது என்பதை ஒரு நாளைக்குப் பத்து தடவை பஞ்சு மாதிரி குரலில் சொல்லுகிறவள். மேனேஜர் அவளுக்கு வைத்த பெயர் மெல்லினம். அந்தக் குரல் பிறவியில் வந்ததல்ல. இரண்டு வருஷம் கண்ணாடி முன்னால் நின்று, வாயை அரை அளவுக்குத் திறந்து, சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டுப் பழகியது. வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர், "இவ்வளவு தன்மையாப் பேசுறீங்களே, உங்கப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். "லைப்ரரியன் சார். வெளியூர்ல இருக்கார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அப்பா வெளியூரிலேயே இருந்தார்.

மெல்லினத்துக்கு இன்னொரு வித்தையும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களைச் சோதிக்க, மூத்தவர்கள் சொந்த போனிலிருந்து வாடிக்கையாளர் மாதிரி கூப்பிடுவது அங்கே வழக்கம். எவ்வளவு ஏசினாலும் குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டும். அழைப்பு நிஜமா பொய்யா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளை அனுப்பிவிட்டால் தோல்வி. இதில் அவள் கில்லாடி. "யோவ், போனை எடுக்க இம்புட்டு நேரமாய்யா? எங்கப்பன் உள்ள மாட்டிக்கிட்டு சாவுறான்யா!" என்று அவள் ஒரு போடு போட்டால், எதிர்முனையில் இருப்பவர் பதறிப்போய் ஆளை அனுப்பிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "அக்கா, அந்தப் பட்டறைக்காரன் குரல் ஒரு தடவை" என்று கேட்பார்கள். செய்து காட்டுவாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய குரல் அது. பாவி, அதை வேடிக்கை காட்டிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்து அடித்தாள். மெக்கானிக்கை அனுப்புவது பழுதுப் பிரிவிலிருந்துதான், ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரே ஒரு ஆள்தான். சேர்ந்து இரண்டு மாதமே ஆன பயிற்சிப் பெண். அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததும் மெல்லினம்தான்.

"வணக்கம், பழுதுப் பிரிவு. நான் எப்படி உதவட்டும்?"

கண்ணாடி முன்னால் பழகிய இரண்டு வருஷமும் அந்த நொடியில் பறந்துபோயிற்று. "ஏய், ஆளை அனுப்புடி! அப்பா உள்ள மாட்டிக்கிட்டாரு! மூச்சு விட முடியல அவரால, சீக்கிரம் அனுப்புடி!" என்று பட்டறைத் தெருவே எழுந்து வந்து கத்தியது. படிக்கட்டில் கூடியிருந்தவர்கள் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார்கள்.

எதிர்முனையில் அடக்கிய சிரிப்பு கேட்டது.

"அக்கா, உங்க நம்பர்தான் தெரியுதே. போன வாரம் ஏமாந்து ஆளை அனுப்பிட்டு மேனேஜர் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இந்தத் தடவை நடக்காது. அழைத்தமைக்கு நன்றி."

வைத்துவிட்டாள்.

வாட்ச்மேன் தன் போனில் தீயணைப்பைக் கூப்பிட்டார். ஊரின் மறுகோடியில் வேறு ஏதோ தீ, வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். ஆம்புலன்ஸையும் கூப்பிட்டார், ஆனால் அது வந்தாலும் பெட்டிக்குள் எப்படிப் போவது? உள்ளே தட்டல் நின்று நின்று வந்தது.

மறுபடி அடித்தாள். இப்போது மூச்சை இழுத்துப் பிடித்து, பழகிய குரலில் பேசினாள். "இது டெஸ்ட் இல்லம்மா. நான் நிஜமாத்தான் சொல்றேன். என்னோட அப்பா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கார். அவருக்கு ஆஸ்துமா."

"அக்கா, சொந்த அப்பா மாட்டிக்கிட்டா யாராவது இவ்வளவு அழகாப் பேசுவாங்களா? அதுவும் போக உங்கப்பா வெளியூர்ல இருக்கார்."

டீச்சர் பொறுக்க முடியாமல் போனைப் பிடுங்கினார். முப்பது வருஷம் வகுப்பை ஆண்ட குரல். "இதோ பாரும்மா, நான் எதிர் வீட்டுக்காரி பேசுறேன். இந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் உண்மை."

"ஐயோ அக்கா, டீச்சர் குரல்கூட பண்ணுவீங்களா! இதை எங்களுக்குச் செஞ்சு காட்டவே இல்லையே!"

டீச்சர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வாட்ச்மேன் தன் போனில் அதே எண்ணை அடித்துப் பார்த்தார். ஒரே இணைப்பு என்பதால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் பாடியது. கத்தினால் நடிப்பு, மெதுவாகச் சொன்னால் பொய், இன்னொருத்தர் சொன்னாலும் அவளே. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே சுட்டது உள்ளே இருந்த மனுஷனை அல்லவா!

போனை வாங்கினாள். சுற்றிலும் நான்கு வீட்டு ஆட்கள். ஆறு மாதமாக யாருக்குத் தெரியக் கூடாது என்று அப்பாவின் வாயைக் கட்டி வைத்தாளோ, அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"வைக்காதே. நான் சொல்றதைக் கேளு. எங்கப்பா லைப்ரரியன் இல்லடி. அவரு லைப்ரரி வாசலைக்கூட மிதிச்சதில்ல. பிரஸ் ஓட்டினவரு. வெளியூர்ல இல்ல, என் வீட்லதான் இருக்காரு. உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டேன். மத்தியானம் நான் பேசிக் காட்டுவேன்ல, அது எவனோ பட்டறைக்காரன் பேச்சு இல்ல. எங்கப்பா பேச்சு. எங்கம்மா பேச்சு. நீங்க சிரிச்சது அவங்களைப் பார்த்து. நானும் கூட உட்கார்ந்து சிரிச்சேன். இப்ப அந்த மனுஷன் உள்ள செத்துக்கிட்டிருக்காரு. என்னை என்ன வேணாலும் நினைச்சுக்கோ, வேலையை விட்டு எடுக்கச் சொல்லு. ஆளை மட்டும் அனுப்பிடு."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. சோதனை அழைப்பில் யாரும் தன்னைத் தானே இப்படிக் கிழித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேஜை மேல் எதுவோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது.

"அனுப்பிட்டேன்கா. பதினஞ்சு நிமிஷம். அக்கா... உள்ள இருக்கறவர் கூட பேச்சை விடாதீங்க. நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க."

கதவருகே மண்டியிட்டாள். படிக்கட்டில் யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள், திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள், நூறு தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"ஐயா, பயப்படாதீங்க. மெக்கானிக் கிளம்பிட்டார். சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துக்கோங்க. மூச்சை மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க. நான் இங்கயே இருக்கேன்."

"சரிம்மா." அப்பாவின் குரல் நூலாக வந்தது. "யாரும்மா நீங்க? எம் பொண்ணு இருந்தா... கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

"நான்தாம்ப்பா."

"என்னம்மா? பிரஸ் சத்தத்துல காது மந்தம் எனக்கு, யார் குரல்னு புரியல. அவ வந்து சத்தமா கூப்பிட்டாத்தான் அவதான்னு தெரியும்."

கூப்பிட வாயைத் திறந்தாள். சற்று முன்னால் போனில் கேட்காமலே பீறிட்டு வந்த குரல் இப்போது எவ்வளவு முக்கியும் வரவில்லை. தொண்டைக்குழி வரை வந்தது, அங்கே அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுகொண்டிருந்தது. மத்தியான வேடிக்கை மாதிரியே இருக்குமே, அப்பாவிடமே அப்பாவைப் பேசிக் காட்டுகிற மாதிரி இருக்குமே என்று நாக்கு பின்வாங்கியது. இந்த நேரத்திலா அதைப் பார்ப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் வெளியே வந்தது அந்தப் பஞ்சுக் குரல்தான்.

"வருவாங்க ஐயா. நீங்க மூச்சை மட்டும் கவனிங்க. இழுங்க... விடுங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அழுதுகொண்டே சொன்னாள். அந்தக் குரலின் கேடு என்னவென்றால், அழுகை அதில் தெரியவே தெரியாது. இழுங்க, விடுங்க என்று பதினைந்து நிமிஷம் சொன்னாள். தட்டல் நின்றது. இழுப்பும் கேட்கவில்லை. அப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மெக்கானிக் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்து, பெட்டியைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தபோது அப்பா மூலையில் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பால் பாக்கெட் மடியில் அப்படியே இருந்தது. அவள் அவர் தலையைத் தூக்கி வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்தினாள். முதல் தடவை ஒன்றும் உள்ளே போகவில்லை. இரண்டாம் தடவையும் போகவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை நகர்த்திவிட்டு முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அப்பாவின் மார்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

வண்டியில் ஏற்றும்போது கண்ணைத் திறந்தார். அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். மூக்கிலிருந்த மூடியை விலக்க வேண்டாம் என்று எல்லாரும் சொல்ல, அவர் விலக்கினார்.

"உள்ள இருந்தப்ப ஒரு அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க. யாரோ பெரிய இடத்துப் பொம்பள போல, தங்கமான மனுஷி. அவங்க இல்லேன்னா போயிருப்பேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ எங்கம்மா போயிட்ட?"