சத்துள்ள மாப்பிள்ளை

எங்கள் வீட்டுச் சாக்கடை என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. இதில் வியக்க ஒன்றுமில்லை. சோறு வடித்த கஞ்சி, கீரை வேகவைத்த தண்ணீர், கேரட் தோல், நான் தட்டோரம் ஒதுக்கும் கறிவேப்பிலை எல்லாம் அதற்குத்தான் போகின்றன. வைட்டமினும் இரும்புச் சத்துமாகத் தின்று கொழுத்துவிட்டது. எனக்கு வெள்ளைச் சோறும் கலர் கலராக மாத்திரைகளும்.

பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று, அது சிங்க்குக்கு அடியிலிருந்து எழுந்து வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தது. தலைமுடி கருகருவென்றிருந்தது. என்ன ஒரு மினுமினுப்பு, தூ.

இந்த இடமும் தட்டிப்போனால் இனிப் பெண் தேடமாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்கும் தேன்மொழியைப் பிடித்திருந்தது.

அவள் அப்பா கதிரேசன், சந்தையில் மாடு பார்க்கிறவர்போல என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"வெளுத்துக் கெடக்கே தம்பி."

"மாத்திரை சாப்பிடுறேன் சார்."

"என்ன மாத்திரை?"

"பேரு நீளமா இருக்கும் சார்."

சாக்கடைக்கும் இமை இருந்தது. அதையும் இழுத்துப் பார்த்தார். செக்கச்செவேல்.

"இவரு என்ன சாப்பிடுறாரு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நாங்க கொட்டுறதத்தான்," என்றாள் அம்மா பெருமையாக.

"சார், அது சாக்கடை," என்றேன்.

"இருக்கட்டுமே. ரத்தம் நல்லாருக்குல்ல?"

நல்ல மனிதர்கள். நாற்றத்தைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை. தேன்மொழி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் நகங்களைப் பார்த்தாள். அவை வெளிறி, ஓரம் உடைந்திருந்தன. மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அங்கேயே தட்டு மாற்றினார்கள். தாம்பூலத் தட்டைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. சாக்கடை ஒரு கையாலேயே வாங்கிக்கொண்டது.

என் அறை மாப்பிள்ளைக்குப் போயிற்று. வெட்கமாக இருந்தது. அழக்கூட முடியவில்லை, மூச்சு வாங்கியது. சிங்க்குக்கு அடியில் இடம் காலியாக இருந்ததால் அங்கே போய்ப் படுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். மாத்திரை விற்கிறவர்களை நினைத்தபோது இளப்பமாகச் சிரிப்பு வந்தது. இனிக் கஞ்சி முழுக்க எனக்குத்தான்.

மேலே சோறு கொதித்தது. அம்மா வடிதட்டை எடுத்தாள்.

"அம்மா," என்றது சாக்கடை. "கஞ்சிய வடிக்காதீங்க. அளவாத் தண்ணி வெச்சுப் பொங்குங்க. சத்தெல்லாம் வீணாப் போவுது பாருங்க."

"அப்படியா கண்ணு?" என்றாள் அம்மா.

வடிதட்டைத் திரும்ப ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. நான் வாயை மூடாமல் படுத்திருந்தேன்.