மாமியின் பிறசர்

கலியாணம் முடித்து நிந்தவூரில் மனைவி வீட்டோடு வந்து நான்கு வருடமாகியும் இஹ்ஸான் மாமியின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. மார்க்கத்தில் தடையொன்றுமில்லை. மாமி சபூறாவுக்கு வெட்கம், அவ்வளவுதான். மருமகனிடம் சொல்ல வேண்டியதைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றே சொல்வார்.

ஊரில் நடந்த மருத்துவ முகாமில் மாமிக்குப் பிறசர் கொஞ்சம் கூட என்றார்கள். இஹ்ஸான் கல்முனைக்குப் போய் இரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வந்தான். மனைவி றுமானா ஆசிரியை, விடியவே பஸ் ஏறிவிடுவாள். இஹ்ஸானின் தையல் கடை திறக்க நேரமிருக்கிறது. ஆகவே வேலை அவன் தலையில் விழுந்தது.

காலையில் திரைக்கு வெளியே ஒரு கை மட்டும் வந்து தொங்கும். அவன் பட்டியைச் சுற்றுவான்.

"எத்தின மருமகன்?"

"நூத்தி அறுபத்தெட்டு மாமி."

"யா அல்லாஹ்!"

மறுநாள் இன்னும் கூடியது. கறியில் உப்புப் போடுவது நின்றது. இஹ்ஸானும் அதையே சாப்பிட்டான்.

கடைசியில் டொக்டரிடம் போனார்கள். டொக்டர் அம்மா சபூறாவைக் கதிரையில் சாய்ந்து இருக்கச் சொல்லி, கையை மேசையில் வைத்துப் பார்த்தார். நூற்று முப்பத்தாறு.

"வீட்டில எப்பிடிப் பார்க்கிறீங்க?"

இஹ்ஸான் திரையைப் பற்றிச் சொன்னான். டொக்டர் சிரிக்கவில்லை.

"நிண்டுகொண்டு கையத் தொங்கவிட்டா கூடத்தான் காட்டும். கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். கால் ரெண்டும் நிலத்துல. அஞ்சு நிமிசம் சும்மா இருந்துட்டுப் பாருங்க. கதைக்கப்படாது. ஒரு கிழமை பார்த்திட்டு வாங்க, மருந்தப்பத்தி மறுகா யோசிப்பம்."

அடுத்த நாள் காலை சபூறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். எதிரே இஹ்ஸான். மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மருமகன் மிஷினைப் பார்த்தான். கதைக்கக் கூடாது என்பது இருவருக்குமே பெரிய ஆறுதலாக இருந்தது. றுமானாவின் மூக்கு எங்கிருந்து வந்ததென்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள், பட்டியைக் கழற்றியதும் சபூறா எழும்பவில்லை.

"மருமகன், நீங்க இவ்வளவு மெலிவெண்டு எனக்குத் தெரியா."

"ஓம் மாமி," என்றான் இஹ்ஸான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. றுமானா மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கையத் தாங்க உம்மா, நான் பார்க்கன்."

"வேணாம் புள்ள. ஒனக்கு வாய் ஓயாது, பிறசர் ஏறிரும். மருமகன் வரட்டும்."

கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த இஹ்ஸான் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனான்.