குருசுமுத்துவின் கட்டைக்குள் தோட்டம்

தவக்காலத்தில் உளி தொடுவதில்லை என்று குருசுமுத்துவுக்கு ஒரு நேர்த்தி. சாம்பல் புதனுக்கு முதல்நாள் காற்றில் சாய்ந்த வேம்பு அதனால்தான் பட்டை உரிக்காமல் மண்டைதீவு வெயிலில் கிடந்தது. பிறர் படகில் மீன்பிடிக்கப் போய் அலுத்தவன். அந்த மரத்தில்தான் சொந்த வள்ளத்துக்கு அடிக்கட்டை எடுக்க இருந்தான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து பார்த்தால் கட்டையெங்கும் ஊசித்துளை, துளை வாயில் வெள்ளைத் தூள்.

"எரிச்சுப்போடுவம். குசினி அடுப்புக்கெண்டாலும் உதவும்," என்றாள் மனைவி அல்போன்சம்மா.

அவளுடைய தங்கை மகள் ஜெனீற்றா, கம்பசில் பூச்சிகளைப் பற்றிப் படிப்பவள், பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். "பெரியப்பா, இது கப்பல்மர வண்டின்ரை வேலை. மரத்தைத் தின்னாது."

"பின்னை, அதுவும் நோன்போ?" என்றேன், புதினம் பார்க்க வந்த அயல்வீட்டுக் கிழவன் நான்.

"தோட்டம் செய்யுது, அப்பு. புழு துளைக்குள்ளை பூஞ்சணம் வளர்த்து அதைத்தான் தின்னும். விதையைத் தாய் வயித்தடியிலை ஒரு பையிலை கொண்டுவந்து முட்டையிலை பூசும். வண்டாகி ரெண்டு மூண்டு நாளிலை செத்துப்போகும்."

"எங்கடை பரம்பரையிலை ஒருதரும் வெள்ளாமை செய்யேல்லை," என்றான் குருசுமுத்து.

நான் கட்டையில் காதை வைத்தேன். உழுவது கேட்டது. களை பிடுங்குவது கேட்டது. வேலிச்சண்டை மட்டும் கேட்கவில்லை. வெளியூர்ப் பூச்சிதான் என்று அறிவித்தேன்.

"அடிப்பக்கம் துளை குறைவு. அறுத்துப் பாருங்கோ," என்றாள் ஜெனீற்றா.

முதல் வெட்டில் துளைகள் வரிசையாகத் திறந்தன. உள்ளே பனி படிந்ததுபோல் வெண்மை, நடுவில் அரிசியளவு புழு. வெளிச்சமே காணாத தோட்டம். நான்கூட வாயை மூடிக்கொண்டேன், அதை ஊர் இன்னும் சொல்கிறது.

அடிப்பக்கமாக ஒரு முழம் தள்ளி இரண்டாம் வெட்டு. குருசுமுத்து கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினான். சுத்தம். வள்ளம் குட்டையாகும், ஆனால் வள்ளம்தான்.

மிச்சத்தை இழுக்கப்போன அல்போன்சம்மாவை மறித்தான். "விளையிற வயலுக்கு ஆரும் நெருப்பு வைப்பினமோ?"

அடுத்த வருடம், வள்ளம் இறங்கும் நாள். பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிக்கக் கை ஓங்க, வள்ளத்து மூக்கில், முன்னணியத்தில், ஒரு வண்டு. மெல்லிய நீள உடம்பு. இறக்கை மூடி மட்டும் குழந்தைச் சட்டைபோலக் குட்டை. ஜெனீற்றா பக்கத்தில் நின்றதால் விரல் நீளம் என்றே எழுதுகிறேன்.

வள்ளத்தைத் தள்ள வந்தவர்களைக் குருசுமுத்து தடுத்தான். "பொறுங்கோ. அதுக்கு ரெண்டு மூண்டு நாள்தான். விதையோடை போகுது."

சுவாமி கையை இறக்கினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அது எழும்பி வேப்பமரங்கள் பக்கம் போய் மறைந்தபோது வற்றுநேரமாகி, வள்ளம் மிதக்கக் கரையில் தண்ணீர் இல்லை.

வள்ளம் மறுநாள்தான் இறங்கியது.