விரிப்புகளுக்கு அடியில்

சிக்ஸ்டன் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து சொன்னாலும் பரவாயில்லை. உமேயோ ஊர்க்காரர்களின் வழக்கப்படி உதட்டைக் குவித்து, ‘சுப்’பென்று ஒரு மூச்சை உள்ளே இழுப்பார், அவ்வளவுதான். வெளியூர்க்காரன் கேட்டால் மனிதருக்கு நெஞ்சை அடைத்துவிட்டதோ என்று பதறிப்போவான். உள்ளூரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஊரில் அதுதான் ஆமாம்.

பிப்ரவரியில் அவர் மனைவி குன்வோர் இறந்துபோனாள். இந்தப் பாட்டைப் பாடி அடக்கம் செய்யலாமா என்று பாதிரியார் கேட்டார். சுப். வீட்டை விற்றுவிடலாமா என்று மகள் மாலின் கேட்டாள். அதற்கும் சுப். எழுபத்தொரு வயது, இதய ஆபரேஷன் ஆன உடம்பு, செங்குத்தான மாடிப்படி, அரை வருஷம் வாசலில் பனி. விற்பதில் நியாயம் இருந்தது. ஆனால் மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வேளைக்கு எழுந்தார், காபி போட்டார், குடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

மே மாதம் வீட்டு அலங்காரக்காரி யானிக்கே வேனோடு வந்து இறங்கினாள். இப்போது எந்த வீட்டையும் அலங்கரிக்காமல் விற்பதில்லையே! குன்வோரின் வீடோ திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். ஆரஞ்சுத் திரைச்சீலை, பச்சைக் கடிகாரம், நீலம் பூசிய அலமாரி, கந்தல் துணியைக் கிழித்து அவளே நெய்த விரிப்புகள் சுவரிலிருந்து சுவர் வரைக்கும்.

“வீடு வாங்க வர்றவங்க உங்க வாழ்க்கையப் பாக்க வரல, சிக்ஸ்டன். அவங்க வாழ்க்கைய இங்க வச்சுப் பாக்க வர்றாங்க,” என்றாள் யானிக்கே. “வெள்ளை, சாம்பல், வெளிர் மரம். வேற எதுவும் கண்ணுல படக்கூடாது. இந்தத் திரையெல்லாம் கிளம்பட்டுமா?”

சுப்.

“அலமாரிக்கு வெள்ளை அடிச்சிரட்டுமா?”

சுப்.

மாலினுக்குப் பொறுக்கவில்லை. “கொஞ்சம் சண்டையாவது போடேம்ப்பா! அம்மா இருந்திருந்தா இந்தப் பொம்பளையத் தொடப்பத்தாலயே விரட்டியிருப்பா.”

“விரட்டியிருப்பா,” என்றார் சிக்ஸ்டன், வேறு யாரோ வீட்டுச் சங்கதி போல.

அந்த விரிப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் கிறிஸ்துமஸுக்கு முன்பும், குன்வோர் அத்தனையையும் சுருட்டி வெளியே போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் வாளியோடு முட்டி போட்டு உட்காருவாள். தரையின் பைன் மரப் பலகையை அதன் ரேகை ஓடும் திசையிலேயே, ஒவ்வொரு பலகையாகத் தேய்த்துக்கொண்டு வருவாள். அந்த இரண்டு நாளும் சிக்ஸ்டன் கொல்லைக் கொட்டகையில் போய் ஒளிந்துகொள்வார். ஈரமும் சோப்பு வாடையும் அவருக்கு ஆகாது.

“திரும்பவும் விரிப்பப் போட்டு மூடத்தானே போற? யாரும் பாக்காத தரையோட எதுக்குடி இப்படி மாரடிக்கிற?” என்பார் கொட்டகை வாசலில் நின்று.

“நான் பாக்குறேன்ல,” என்பாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

தரை காய்ந்து விரிப்புகள் விரித்த பிறகுதான் ஐயா உள்ளே வருவார். முப்பத்தெட்டு வருஷம் இப்படியே போனது.

அலங்கார வேலை நடந்த பத்து நாளும் சிக்ஸ்டன் கடலோரத்தில் தம்பியின் குடிலில் தங்கினார். மாலின் மட்டும் நடுவில் அவரை அழைத்துப்போய் நான்கு அடுக்குமாடி வீடுகளைக் காட்டினாள். ஜூன் கடைசிக்குள் அவர் எங்காவது குடியேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் மால்மோவுக்குத் திரும்பியாக வேண்டும், வேலை காத்திருந்தது.

“இந்த வீடு புடிச்சிருக்காப்பா?”

சுப்.

“பால்கனி வசதியா இருக்கா?”

சுப்.

“இங்க பால்கனியே இல்லப்பா!” என்று கத்திவிட்டாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். எதற்கும் ஆமாம் சொல்பவரை எந்த வீட்டில் என்று விட்டுப்போவது? அங்கே அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தே இருப்பார். யாருக்கும் தெரியாமல் ஒருநாள் செத்தும் போவார். அதுதான் அவளுடைய பயம். ஏதாவது ஒரு வீட்டை அவர் தானாகக் கை நீட்டிக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை வீட்டை விற்றுத்தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இருவரும் தரகர் அலுவலகத்துக்குப் போனார்கள். தரகர் போனில் இருந்தார். வாசல் கண்ணாடியில் ‘விரைவில் விற்பனைக்கு’ என்று போட்டு, விலாசம் இல்லாமல், வீட்டுப் படங்களை ஒட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. வெள்ளைச் சுவர், சாம்பல் சோபா, ஆட்டுத்தோல் போட்ட நாற்காலி. மாலின் தன் போனில் மூழ்கியிருந்தாள்.

“இது நல்லாருக்கே,” என்றார் சிக்ஸ்டன்.

நான்கு மாதத்தில் யாரும் கேட்காமலே அவர் பேசிய முதல் வார்த்தை. மாலின் சட்டென்று நிமிர்ந்தாள். “எதுப்பா?”

“இந்தத் தரையப் பாரேன். வார்னிஷ் அடிச்சுப் பாழாக்கல. சோப்புப் போட்டுத் தேய்ச்சே வெளுக்க வச்சிருக்காங்க. ஒருநாள் ரெண்டுநாள் வேலையா இது? யாரோ வருஷக்கணக்கா முட்டி தேயத் தேய்ச்சிருக்கணும்.” விரலைக் கண்ணாடியில் வைத்துப் பலகை ரேகையோடு மெல்ல நகர்த்தினார். “இவ்ளோ பாத்துக்கிட்டவங்க நல்ல மனுசங்களாத்தான் இருப்பாங்க. இதக் கேட்டுப் பாக்கலாமா, மாலின்? இங்க நான் இருந்துக்குவேன்.”

மாலின் கிட்டே வந்து படத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்த ஜன்னலைக் காட்டினாள்.

“ஜன்னலுக்கு வெளிய பாருப்பா.”

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். திரை இல்லாத ஜன்னலுக்கு அப்பால் ஒரு சிவப்புக் கொட்டகை. அதன் கதவு கோணலாகத் தொங்கியது. அந்தக் கதவைக் கோணலாக மாட்டியவர் அவர்தான்.

சிக்ஸ்டன் மூச்சை உள்ளே இழுத்தார். சுப். மறுபடியும் இழுத்தார். மூன்றாவது தடவை இழுத்த மூச்சு திரும்பி வரும்போது உடம்பே குலுங்கியது.

“ஒரு தடவகூட சொல்லலியே,” என்றார். “நல்லாருக்குன்னு ஒரு தடவகூட நான் அவகிட்ட சொல்லலியே.” நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து, நடுத்தெருவில், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

தரகர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “சிக்ஸ்டன், உள்ள வர்றீங்களா? கையெழுத்துப் போட்டுரலாம்.”

மாலின் அப்பாவின் முதுகில் கை வைத்தபடி திரும்பினாள். “கொஞ்சம் பொறுங்க,” என்றாள். “எங்கப்பா அழுறாரு.”